தோசைக்கல்லில் ஸ்டேக்: தண்ணி விடுது, என்ன பண்ண? ஒயின் எது?

மலைமிளகு:
ஏற்காட்டில் வீடு. சேலத்தில் வாங்கிய எருமைக்கறி அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மிருதுவான சதை), ஒரு அங்குல கனத்தில் 2 துண்டு, தலா 200 கிராம். கிரில் கிடையாது, இரும்பு தோசைக்கல்தான். கறியைப் போட்டதும் தண்ணி விட்டு, சாம்பல் நிறமாகி, ரப்பராகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் முடியணும். கூட வைக்கச் சிவப்பு ஒயின் எது?

அடுப்படி:
கறியில் ஈரம், கல்லில் சூடு போதாமை, ரெண்டும் சேர்ந்தால் வறுபடாது, வேகும். துணியால் நல்லா ஒற்றி எடுங்க. உப்பு போடுவதென்றால் 40 நிமிஷம் முன்னாடி, இல்லாட்டி கல்லில் வைக்கும்போது. பத்து நிமிஷம் முன்னாடி தூவினால் உப்பு இழுத்த நீர் மேலேயே நிற்கும். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

கல்லில் தெளிக்கிற தண்ணி முத்தாக உருண்டு ஓடணும். ஒரு ஸ்பூன் கடலெண்ணெய், ஒரு தடவைக்கு ஒரே துண்டு, பக்கத்துக்கு 3 நிமிஷம். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கருகும். கடைசி ஒரு நிமிஷம் 20 கிராம், நசுக்கின பூண்டோடு. தட்டையான கல்லில் அது வழிந்து ஓடிவிடும், இரும்பு வாணலி இருந்தால் அதையே எடுங்க. மிளகையும் இறக்கின பிறகு இடித்துத் தூவுங்க, முன்னாடி போட்டால் தீய்ந்து கசக்கும்.

தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 60 டிகிரியில் எடுங்க, தட்டில் 5 நிமிஷம் இருக்கையில் இன்னும் கொஞ்சம் ஏறும். எருமைக்கறியில் கொழுப்பு குறைவு, இதைத் தாண்டினால் வறண்டுவிடும். நாருக்குக் குறுக்கே வெட்டுங்க.

வறுவல் பழக்கத்தில் பப்பாளி, தயிர், இஞ்சி பூண்டு விழுது எதையும் தடவாதீங்க. அண்டர்கட் ஏற்கனவே மிருது. பப்பாளி பட்டால் மாவாகிடும்.

திராட்சைக்கொடி:
ஒயினுக்கு ஷிராஸ். மிளகு வாசனை தருகிற ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் உண்டு, அதனால்தான் ரெண்டும் அப்படி ஒட்டிக்குது. துவர்ப்பு அதிகமான கேபர்னே, கொழுப்புள்ள கறிக்குப் பொருந்தும். அண்டர்கட்டோடு வாய் வறண்டுபோகும். நாசிக் பக்கத்து சுலா திண்டோரி ரிசர்வ் ஷிராஸ் கிடைத்தால் போதும். பச்சை மிளகாய் மட்டும் பக்கத்தில் வேண்டாம், ஒயின் குடிக்கையில் காரம் இன்னும் எரியும்.

சிவப்பு ஒயின் 16-18 டிகிரியில் இருக்கணும். ஏற்காட்டுக் குளிர்காலத்தில் அலமாரியில் இருந்ததை அப்படியே ஊற்றலாம். சேலத்து வெயிலில் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்காமல் திறந்தால் ஸ்பிரிட் வாடைதான் முன்னாடி நிக்கும்.

மலைமிளகு:
நன்றி. அதே கல்லில் கொஞ்சம் ஒயின் ஊற்றி சாஸ் பண்ணலாமா?

அடுப்படி:
கூடாது. ஒயின் புளிப்பு, கல்லில் பழக்கின எண்ணெய்ப் படலத்தை உரிச்சிடும். சாஸில் இரும்பு வாடை, மறுநாள் தோசையும் ஒட்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் 60 மில்லி ஒயினைப் பாதியாக வற்றவிட்டு, தட்டில் கறி விட்ட சாற்றைச் சேர்த்து, இறக்கி, 10 கிராம் குளிர்ந்த வெண்ணெய் கலக்குங்க. உருளைக்கிழங்கு வேணும்னா குக்கரில் வைங்க. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும், திறந்த பாத்திரத்தில் உங்க அரை மணி நேரம் கிழங்குக்கே போயிடும்.