பிரிட்டனில் முதுகலைத் தொடர்பியல்: 62 மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஊடகமும் தொடர்பியலும் முதுகலை படிக்கிறேன். சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்த மூன்று ஆண்டுகளும் எண்பதுக்குக் குறையாமல் வாங்கி வந்த எனக்கு, இங்கே முதல் கட்டுரைக்கு 62 கொடுத்திருக்கிறார்கள். மொழிப் பிழை எதையும் சுட்டவில்லை. "விவரிப்பு அதிகம், பகுப்பாய்வு குறைவு" என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்த மதிப்பெண் உண்மையில் எந்த நிலையைக் காட்டுகிறது? நம் ஊரைப் போலப் பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா? எழுபதைத் தொட நான் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: இதே படிப்பை முடித்தவர்

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். முதுகலையில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 50 வாங்கினால் தேர்ச்சி, 60 முதல் 69 வரை மெரிட், 70 முதல் டிஸ்டிங்ஷன் என்று வகுத்திருக்கின்றன. எண்பதுக்கு மேல் கிடைப்பது அரிது. ஆகவே 62ஐ நம் ஊர் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வீண் வருத்தமே மிஞ்சும். உங்கள் கட்டுரை மெரிட் தரத்தில் இருக்கிறது.

நாம் அறிந்த மறுமதிப்பீட்டு முறை இங்கே இல்லை. விடைத்தாள்களில் ஒரு பகுதியை இன்னொரு ஆசிரியர் சரிபார்க்கிறார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளித்தேர்வாளரும் மதிப்பீட்டின் தரத்தைப் பார்வையிடுகிறார். அதன் பிறகு, "இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும்" என்ற காரணத்துக்காக மேல்முறையீடு செய்ய முடியாது. விதிமுறைப்படி மதிப்பிடவில்லை, அல்லது உடல்நலக் குறைவு போன்ற சூழலை உரிய நேரத்தில் தெரிவித்தும் கணக்கில் எடுக்கவில்லை என்றால்தான் முறையிட இடமுண்டு.

பதில் 2: தொடர்பியல் கற்பிப்பவர்

அந்த ஓரக் குறிப்பிலேயே உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இருக்கிறது. நம் மாணவர்கள் பலர் இந்தக் குறிப்பைப் பார்த்ததும் ஆங்கிலத்தை மெருகேற்றப் புறப்பட்டுவிடுகிறார்கள். மொழிநடைக்குச் சிறு பங்கு உண்டுதான். ஆனால் அறுபதிலிருந்து எழுபதுக்கு ஏற்றிவிடுவது வாதமே.

நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம். "1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் மெக்கோம்ப்ஸும் ஷாவும் ஆய்வு நடத்தினர், ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்த பிரச்சினைகளையே வாக்காளர்களும் முக்கியமாகக் கருதினர் என்று 1972இல் எழுதினர்" என்பது சரியான வாக்கியம். ஆனால் அது விவரிப்பு. பாடநூலைப் படித்த எவரும் இதை எழுதிவிடுவார்.

அடுத்த வாக்கியம் இப்படி வந்தால் அது பகுப்பாய்வாகிறது: "அந்த நகரத்தார் ஏறக்குறைய ஒரே செய்தித்தாள்களையும் தொலைக்காட்சிச் செய்திகளையும் பார்த்தவர்கள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு செய்தி வரிசையைக் காட்டும் இன்றைய சமூக ஊடகத்தில், பொதுவான நிகழ்ச்சிநிரல் என ஒன்று உருவாகிறதா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது." இதை மறுக்கும் ஓர் ஆய்வையும் ஆதரிக்கும் ஓர் ஆய்வையும் எதிரெதிரே வைத்து, எது ஏன் வலுவானது என்று நீங்களே முடிவு சொல்ல வேண்டும். பெரிய ஆய்வாளரை மறுத்துப் பேசத் தயங்கும் பழக்கம் நமக்கு உண்டு. சான்றோடு மறுத்தால் இங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை, அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து ஒரு வாதமாக நகர்ந்தால் கட்டுரை சரி. "இன்னார் இப்படிக் கூறினார்" என்றே பத்திகள் தொடங்குமானால், உங்கள் குரல் அதில் இல்லை என்று பொருள். மதிப்பீட்டு அளவுகோல் பட்டியலையும், அதாவது ரூப்ரிக்கையும், எழுதத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். 60க்கும் 70க்கும் உரிய கட்டங்களில் எந்தச் சொற்கள் மாறுகின்றன என்பதே உங்களுக்கு வழிகாட்டும்.

பதில் 3: இரண்டாம் பருவ மாணவி

ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். முதுகலைக்கு மொத்தம் 180 கிரெடிட், அதாவது பாடங்களின் அளவைக் காட்டும் புள்ளிகள். பொதுவாக அதில் 60 டிஸர்டேஷனுக்கு, அதாவது ஆய்வேட்டுக்குப் போகும். மற்ற 120 கிரெடிட்டில் உங்கள் சராசரி 66 ஆக நின்றால், மொத்தத்தில் 70 எட்ட டிஸர்டேஷனில் 78 வாங்க வேண்டியிருக்கும்; அது மிகக் கடினம். எனவே அடுத்த கட்டுரையிலிருந்தே மதிப்பெண்ணை உயர்த்தப் பாருங்கள். சராசரியைக் கணக்கிடும் விதி இடத்துக்கு இடம் மாறுவதால், உங்கள் துறையின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குக் கட்டாயம் போங்கள். "மதிப்பெண் ஏன் குறைந்தது?" என்று கேட்காமல், கட்டுரையில் ஒரு பத்தியைக் காட்டி, "இந்த இடத்தில் நான் எந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, ஆசிரியர் பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் ஓரத்திலேயே மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அடுத்த கட்டுரையை அவற்றை வைத்தே தொடங்கினேன்.