மழைக்காலத்தில் இறுகிப்போகும் ஸ்லரி: சேர்மத்தை மாற்றுவதா, சூழலை மாற்றுவதா?

முல்லை (கேள்வி):
வணக்கம். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாக, சோடியம் அயனி மின்கலங்களுக்கான நேர்முனைச் சேர்மங்களை இவ்வாண்டு எடுத்துக்கொண்டுள்ளேன். நிக்கல், இரும்பு, மாங்கனீசு மூன்றும் சம விகிதத்தில் அமைந்த, அடுக்குகளுக்கிடையே சோடியம் கொண்ட ஓ3 வகை அடுக்கு ஆக்சைடைத் தயாரிக்கிறேன். உலையிலிருந்து எடுத்த அன்றே பூசினால் மின்முனை நன்றாக அமைகிறது. ஆனால் அதே தூளைச் சில நாள் டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) வைத்திருந்து, என்எம்பி என்னும் கரைப்பானில் கரைத்த பிவிடிஎஃப் பைண்டருடன் (தூளைத் தாளில் ஒட்டவைக்கும் ஃபுளூரின் கொண்ட பாலிமர்) சேர்த்தால், கலக்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்லரி (பூசுவதற்கான குழம்பு) தடித்து, அலுமினியத் தாளில் இழுக்க முடியாத கட்டியாகிவிடுகிறது. எங்கள் ஆய்வகம் கடலோர ஊரில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இது மிகுதி. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) சோதனையில் புதிய முகடு எதுவும் இல்லை. தூளை ஆர்கான் நிரப்பிய, காற்றுப் புகாத குளோவ் பாக்ஸிலேயே வைத்துச் சமாளிப்பதா, சேர்மத்தையே மாற்றுவதா?

உலைக்களம்:
டெசிக்கேட்டரில் உள்ள சிலிக்கா ஜெல் ஈரத்தை ஓரளவு பிடிக்குமே தவிர, கார்பன் டை ஆக்சைடைத் தடுக்காது. இரண்டும் சேரும்போது அடுக்குகளுக்கிடையே உள்ள சோடியம் மேற்பரப்புக்கு வந்து ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் படிகிறது. அந்தக் காரம் பிவிடிஎஃப் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடைப் பிடுங்க, அங்கே உருவாகும் இரட்டைப் பிணைப்புகள் வழியே சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால்தான் ஸ்லரி இறுகுகிறது. மேற்பரப்பில் மெல்லிய படலமாக இருக்கும் கார்பனேட்டு எக்ஸ்ஆர்டியில் தெரியாமல் போவது இயல்பே; புதிய முகட்டைத் தேடாமல், 16.5 டிகிரியை ஒட்டிய, அடுக்கு இடைவெளியைக் காட்டும் 003 முகடு இடப்பக்கம் நகர்ந்துள்ளதா என்று பாருங்கள். சோடியம் வெளியேறினால் ஆக்சிஜன் அடுக்குகள் ஒன்றையொன்று விலக்கி, இடைவெளி விரியும். அளவு தெரிய வேண்டுமானால், கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீரில் தூளைச் சிறிது நேரம் கலக்கி, வடிகட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால் (டைட்ரேஷன்) ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் தனித்தனியே கிடைக்கும். நீரில் ஊறும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும். அந்த நீரே சோடியத்தை இழுக்கும். உலையில் ஆவியாகும் சோடியத்தை ஈடுசெய்யக் கூடுதலாகச் சேர்க்கும் சோடியம் கார்பனேட்டு மிஞ்சினாலும் இதே தொல்லைதான்.

நெய்தல்:
மேலே சொன்ன விளக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தூளை 150 டிகிரிக்குக் குறையுமுன் உலையிலிருந்து எடுத்து, நேரே ஆர்கானுக்குள் கொண்டுபோவது உடனடித் தீர்வு. காரத்தை நடுநிலையாக்க ஸ்லரியில் சிறிதளவு ஆக்சாலிக் அமிலம் சேர்ப்போரும் உண்டு. ஆனால் அதனால் பூச்சு சரியாகுமே தவிர, இழந்த சோடியம் திரும்பி வராது. ஆகவே சேர்மத்தைத்தான் மாற்றிப் பார்க்கச் சொல்வேன். சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட செம்பு, இரும்பு, மாங்கனீசு ஆக்சைடு காற்றில் நிலைத்து நிற்கிறது. நிக்கலும் கோபால்ட்டும் அதில் இல்லை. கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லி ஆம்பியர் மணி அளவுதான், உங்கள் சேர்மமோ 130ஐ ஒட்டித் தரும். இவ்விரண்டுக்கும் இடையில், நிக்கலில் ஒரு பகுதிக்குச் செம்பை இட்டு எவ்வளவு கொள்ளளவைக் கொடுத்து எவ்வளவு நிலைப்பைப் பெறுகிறோம் என்று அளப்பது, ஆய்வைத் தொடங்கும் ஒருவருக்கு நல்ல தலைப்பு. காற்றில் நிலைப்பதும் கொள்ளளவைப் போலவே சேர்மத்தின் பண்புதான். அதை அளக்காமல் வெளியிடும் கட்டுரைகளை ஆலைக்காரர்கள் நம்புவதில்லை.

முல்லை:
இருவருக்கும் நன்றி. 003 முகடு சற்று இடப்பக்கம் நகர்ந்திருப்பதைப் பழைய தரவில் இப்போது கண்டேன். முதலில் தரம்பார்த்துவிட்டு, செம்பை மூன்று அளவுகளில் இட்டுத் தயாரிக்கிறேன். காற்றில் வைக்கும்போது ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்த, நிறைவுற்ற உப்புக் கரைசல் வைத்த மூடிய பெட்டி போதுமா?

உலைக்களம்:
போதும். சாதாரண உப்பின் நிறைவுற்ற கரைசல் 75 விழுக்காடு ஈரப்பதத்தைத் தரும். ஆனால் மூடிய பெட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துவிடும். நாள்தோறும் திறந்து காற்றை மாற்றுங்கள்.