புதுப்பிப்பு: சீலண்ட் அச்சிடும் ஸ்டென்சிலுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

குன்னூர்ப் பட்டறையில் நான் செய்த, மின்பெட்டி மூடிகளில் சிலிகான் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) அச்சிடும் ஸ்டென்சிலுக்கு, அதாவது துளையிட்ட தகட்டுக்கு, காப்புரிமை கேட்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"வகைக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. பெயர் போட்டுத் தேடியபோது சிக்காத பழைய காப்புரிமைகள், பி05சி 17/06 (ஸ்டென்சில்), பி41எஃப் 15 (திரை அச்சு) என்ற இரண்டு குறியீடுகளிலும் வரிசையாக வந்தன. நான் புதிது என்று நினைத்த, இடத்துக்கு இடம் தடிமன் மாறும் தகடு ஏற்கெனவே இருக்கிறது. சரி, அதை விட்டாயிற்று.

எதிர்பாராதது வேறு. நம்ம ஊர் மூடுபனி ஈரத்தில் சீலண்ட் துளை ஓரத்திலேயே தோல் கட்டி இறுகிவிடும். அதற்காக ஸ்குவீஜியோடு (சீலண்டைத் தகட்டின் மேல் வழித்துத் தள்ளும் பட்டை) சேர்ந்து நகரும் மூடி ஒன்று போட்டிருந்தேன், ஒப்புக்குத்தான். காப்புரிமை முகவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். தெரிந்த சாதனங்கள் சேர்ந்திருந்தும் அவை தனித்தனியாகத் தத்தம் வேலையைத்தான் செய்கின்றன என்றால் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்) தடுக்கும். இங்கே மூடியும் தகடும் சேர்ந்தால்தான் பலன், வாதாட இடமுண்டு என்றார்.

தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விவரம்) தாக்கல் ஆகிவிட்டது, அதனால்தான் இதை வெளியே சொல்கிறேன். ஆன்லைனில் தனிநபர் கட்டணம் 1,600 ரூபாய். முகவர் கட்டணம் தனி. சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இப்போதே வாழ்த்திவிடாதீர்கள், காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பதற்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.