கல்லடைப்புக்கு ஒவ்வொரு தடவையும் சிடி ஸ்கேன் தேவையா?

வள்ளியூர்க்காரன்:
என் மச்சானுக்கு சிறுநீரகக் கல். வலி வந்தால் திருநெல்வேலிக்குத்தான் ஓடுகிறோம். போகிற இடத்திலெல்லாம் பழைய படத்தை வாங்கிக்கூடப் பார்க்காமல் புதிதாக வயிற்று சிடி எழுதுகிறார்கள். ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. கூடங்குளம் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அணு உலையிலிருந்து வரலாம் என்று வைத்திருக்கும் வரம்பே ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தான். அங்கே பார்க்கிற கணக்கை ஸ்கேன் அறையில் ஏன் பார்ப்பதில்லை?

பாளை டெக்னீசியன்:
அண்ணாச்சி, அந்த 1 என்பது ஒரு பலனும் இல்லாமல் மேலே விழுகிற கதிர்வீச்சுக்கான வரம்பு. நோயாளிக்கு அப்படி வரம்பு கிடையாது. விபத்தில் தலையடிபட்டு வருகிறவரை ‘கோட்டா முடிந்தது’ என்று திருப்பி அனுப்ப முடியுமா? 10 மில்லிசீவர்ட்டால் பின்னாளில் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வர வாய்ப்பு உத்தேசமாக 2000 பேரில் 1. அதுவும் பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. கல் அடைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மேஜை வரை வந்து, கேன்சர் வரும் என்று பயந்து எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்பதில்லை.

அம்பாசமுத்திரம் அக்கா:
பிள்ளைகள் விஷயம் வேறு தம்பி. சிறுவயதில் சிடி எடுத்தவர்களிடம் ரத்தப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் கொஞ்சம் கூடுதல் என்று 2012-இல் லான்செட் இதழில் பிரிட்டன் ஆய்வு வந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனாலும் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமே, அதில் கதிர்வீச்சே இல்லை.

பாளை டெக்னீசியன்:
அதில் சண்டையே இல்லை அக்கா. பெரியவர்களின் கல்லுக்கும் குறைந்த அளவு சிடி உண்டு, உடல் பருமன் இல்லாவிட்டால் 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடிக்கலாம். வள்ளியூர் அண்ணாச்சி, மச்சானின் ஸ்கேன் டிஸ்க்கில் படங்களோடு ஒரு கதிர்வீச்சு அளவுப் பக்கம் இருக்கும். அதில் டிஎல்பி (DLP, அந்த ஸ்கேன் முழுவதற்குமான கதிர்வீச்சுக் கணக்கு) என்ற எண்ணை 0.015-ஆல் பெருக்குங்கள். தோராயமான மில்லிசீவர்ட் வரும்.

வள்ளியூர்க்காரன்:
பார்த்தேன். 620. பெருக்கினால் 9.3. மச்சான் ஒல்லியான ஆள், 3-இல் முடிந்திருக்க வேண்டியது. ரிப்போர்ட் தாளில் இந்த எண்ணே இல்லை, கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினால்தான் கிடைக்கிறது. வயலில் இருந்து வலியோடு வருகிறவர் இதை எங்கே போய்த் தேடுவார்?

பாளை டெக்னீசியன்:
ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும், சரி. சீட்டு எழுதும்போதே ‘குறைந்த அளவு’ என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கையும் கையோடு கொண்டு போங்கள். ஆனால் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கு 9 ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.