விமானத்திலோ கப்பலிலோ அடைபட்டவர்கள் இங்கே உண்டா? ‘குவாரண்டைன் 2: டெர்மினல்’ பார்த்தபின் ஒரு கேள்வி

கூடலூரான்

2011இல் வந்த ‘குவாரண்டைன் 2: டெர்மினல்’ படத்தை நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். தெரியாதவர்களுக்குக் கதை இவ்வளவுதான்: லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நாஷ்வில் போகும் விமானம், அதில் ஒரு ஆசிரியர் வகுப்பறை ஹாம்ஸ்டர்கள் (எலி மாதிரியான வளர்ப்புப் பிராணி) என்று சொல்லி ஒரு கூண்டோடு ஏறுகிறார், அவருக்கு உதவப் போன பருமனான பயணி ஒருவரின் விரலை கூண்டில் இருந்த பிராணி ஒன்று கடித்துவிடுகிறது. மேலே போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பயணி வாந்தியெடுத்து, வெறி பிடித்து, பணிப்பெண் ஒருத்தியின் முகத்தைக் கடித்துக் குதறுகிறார். நடுவழியில் இறக்குகிறார்கள். இறங்கிப் பார்த்தால் டெர்மினலுக்குள் போகும் கதவு பூட்டியிருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஒருவர் வந்து உள்ளே கூட்டிப் போகிறார், உள்ளே போனதும் வெளியே இருப்பவர்கள் மொத்த இடத்தையும் அடைத்துவிடுகிறார்கள். வில்லன் யார், கடைசியில் தப்பிப்பது யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.

கடிக்கிற காட்சிகளெல்லாம் இப்போது பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனால் வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், வண்டிகள் நிற்கின்றன, உள்ளே இருப்பவர்களிடம் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, அந்த இடம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அதை நான் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

2018, கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்திருந்த நேரம். எங்கள் கூடலூர்ப் பக்கத்து ஆட்கள் வளைகுடாவுக்குப் போக கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையத்தில்தான் ஏறுவோம். அப்படி நான் ஏறிய விமானம் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடுப்பகுதியில் ஒருவர் விடாமல் வாந்தி எடுத்தார், உடம்பு வேறு கொதித்தது. தரையிறங்கியதும் எங்களை வழக்கமான கேட்டுக்குக் கொண்டுபோகாமல் எங்கோ ஓரத்தில் நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏசியும் நின்றுபோனது. அதுவரை ஒருவருக்கொருவர் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்த ஜனம், யாரோ பின்னாலிருந்து ‘நிபா’ என்று சொன்னதும் அவருடைய வரிசையைக் காலி செய்துவிட்டு வழியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒரு அம்மா மட்டும் எழுந்திருக்காமல் அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தார், சொந்தக்காரர் என்று நினைத்தேன், இல்லையாம். அப்புறம் முகமூடியும் கையுறையுமாக இரண்டு பேர் வந்து அவரை மட்டும் அழைத்துப் போனார்கள். எங்களுக்கு ஒரு விளக்கமும் இல்லை. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்பது பெட்டி எடுக்கிற இடத்தில் அவருடைய மச்சான் சொல்லித்தான் தெரிந்தது.

உங்களில் யாராவது இப்படி மாட்டியதுண்டா? எழுதுங்கள்.

பழைய டிவிடி

மாட்டியதில்லை நண்பரே, ஆனால் படத்தைப் பற்றி ஒரு சண்டை போடாமல் போக முடியாது. முதல் பாகம் 2008, அது ஸ்பெயின்காரர்களின் 2007 ‘ரெக்’ படத்தின் அச்சு அசல் மறு ஆக்கம். ஒரு அடுக்குமாடிக் கட்டடம், தீயணைப்பு வீரர்களோடு உள்ளே போகும் டிவி நிருபர், கேமரா கண்ணில் பட்டது மட்டும்தான் நமக்கு. இரண்டாம் பாகம் அந்தக் கேமராவைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாதாரணப் படமாக எடுக்கப்பட்டது, அதுதான் என் கோபம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இயக்குநர் ஜான் போக் ‘ரெக் 2’ போன வழியில் போகவில்லை. அங்கே பேய், மதம், பாதிரியார் என்று கதை போகும். இங்கே ரேபிஸ் மாதிரியான ஒரு கிருமி, அதைப் பரப்ப ஒரு மனிதக் கை. முதல் பாகம் நடக்கும் அதே இரவில்தான் இதுவும் நடக்கிறது, அந்தக் கட்டடத்துச் செய்தி விமான நிலையத்தில் அடைபட்டவர்களுக்குத் தெரியவரும் இடம் நல்ல யோசனை. உள்ளே இருப்பவனுக்கு வெளியுலகம் ஒரு செய்தித் துணுக்காகத்தான் வந்து சேர்கிறது.

‘ரெக்’ நான்காம் பாகம், 2014, கப்பலில் நடக்கும். அதையும் பாருங்கள், ரொம்ப எதிர்பார்க்காமல்.

உப்புக்காற்று

கப்பல் என்றதும் வந்துவிட்டேன். நான் பயணிகள் கப்பலில் சமையல் பகுதியில் இருந்தவன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கப்பலில் தொற்று என்பது எங்களுக்குப் புதுசே இல்லை. நோரோ வைரஸ் என்று ஒன்று உண்டு, வாந்தி பேதி. இத்தனை பேருக்கு மேல் போனால் ‘கோட் ரெட்’ என்பார்கள். உடனே பஃபேயில் பயணிகள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வது நிற்கும், கையுறை போட்டு நாங்கள்தான் பரிமாற வேண்டும், மேசையில் உப்பு மிளகு டப்பாகூட இருக்காது, கைப்பிடி ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்தே கை வெந்துபோகும். அது ஒரு மாதிரி பழகிய பயம்.

2020 வேறு. கொரோனா பரவிய டைமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலின் செய்தியை நாங்கள் எங்கள் கப்பலில் இருந்துகொண்டேதான் பார்த்தோம். ஜப்பானில் யோகோஹாமாவில் பிப்ரவரி தொடக்கத்தில் நிறுத்தினார்கள், உள்ளே 3,711 பேர். பயணிகளை அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். சரி, அறைக்கதவுக்குச் சாப்பாட்டுத் தட்டு யார் கொண்டுபோவது? பணியாளர்கள்தான். அவர்களுக்குத் தனியறை ஏது, ஒரே அறையில் மேலும் கீழுமாகப் படுக்கை, ஒரே மெஸ். 700 பேருக்கு மேல் தொற்று வந்தது. அந்தக் கப்பலில் இந்தியப் பணியாளர்கள் மட்டும் 132 பேர் இருந்தார்கள், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர்கள் போட்ட வீடியோவை நாங்கள் எங்கள் மெஸ்ஸில் கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். பிப்ரவரி கடைசியில்தான் விமானம் அனுப்பி டெல்லிக்குக் கூட்டி வந்தார்கள், அங்கேயும் மானேசரில் தனிமை.

எங்கள் கப்பல் அவ்வளவு மோசம் இல்லை. மார்ச்சில் பயணிகளை ஒரு துறைமுகத்தில் இறக்கினோம், அப்புறம் எங்களை இறக்க எந்த ஊரும் தயாராக இல்லை. நங்கூரம் போட்டுக் கிடந்தோம். கீழ்த்தளத்தில் பணியாளர்கள் நடக்கும் நீளமான வழி ஒன்று உண்டு, அதை ஐ-95 என்போம், அமெரிக்க நெடுஞ்சாலைப் பெயர். எப்போதும் தள்ளுவண்டியும் சத்தமுமாக இருக்கும் இடம். அது காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் விஷயம் பெரிது என்று உறைத்தது. எங்களைப் பயணிகளின் அறைகளுக்கு மாற்றினார்கள், வாழ்க்கையில் முதல்முறையாக பால்கனி வைத்த அறை, தூரத்தில் கரை தெரியும், விளக்கு எரியும், போக முடியாது. தினமும் காய்ச்சல் பார்ப்பார்கள். பக்கத்து அறைக்காரன் ஒருநாள் சாப்பிட வரவில்லை என்றால் அவனைப் பற்றி நாலு விதமான கதை வரும், மணிலாக்காரர்கள் குழுவில் ஒன்று, நம் ஆட்கள் குழுவில் ஒன்று. கேப்டன் மைக்கில் பேசுவார், நன்றாகத்தான் பேசுவார், ஆனால் எப்போது வீட்டுக்கு என்பதை மட்டும் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாது என்று எங்களுக்கும் தெரியும். தெரியாது என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடத் தூங்கியிருப்போம்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. வாந்தி எடுத்தவரின் வரிசை காலியான கதை மட்டும் அப்படியே நம்புகிறேன் கூடலூரான் தம்பி. எங்களில் இருமினவன் பக்கத்தில் யாரும் தட்டை வைக்கமாட்டோம்.

பிஎச்சி அக்கா

நான் செவிலியர், நாய்க்கடி ஊசி போடுகிற அறையில் நிறைய வருஷம் ஓட்டியாகிவிட்டது. படத்தில் ரேபிஸைக் காட்டுகிற விதத்தைப் பற்றி நான் பேசாவிட்டால் யார் பேசுவது.

எலியோ ஹாம்ஸ்டரோ கடித்து ரேபிஸ் வருவது கிட்டத்தட்ட இல்லை. மனிதர்களுக்கு வருவதில் 99 சதவீதம் நாயிடமிருந்துதான். கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மெதுவாக ஏறி மூளைக்குப் போக வேண்டும், பொதுவாக இரண்டு மூன்று மாதம், சில சமயம் ஒரு வாரம், சில சமயம் ஒரு வருஷம்கூட. படத்தில் விமானம் மேலே ஏறி சீட்பெல்ட் விளக்கு அணைவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். அந்தத் தாமதம்தான் நமக்குக் கிடைத்த வரம், அதற்குள் ஊசி போட்டுவிடலாம். கடித்ததும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், நேராக வாருங்கள். ஏஆர்வி என்கிற ரேபிஸ் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு ஊசியும் உண்டு, அதை வேண்டாம் என்று ஓடுகிறவர்கள் அதிகம், ஓடாதீர்கள்.

அறிகுறி வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கட்டட வேலைக்காரர், தெருநாய்க்குட்டி கீறினதைப் பெரிதாக நினைக்காமல் விட்டவர். தனியறையில் வைத்திருந்தார்கள். சினிமா மாதிரி யாரையும் பாய்ந்து கடிக்கவில்லை. மனிதர் கடித்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக உறுதியான பதிவே கிடையாது, தெரியுமா? தண்ணீர் டம்ளரைப் பார்த்தால் தொண்டை இழுத்துக்கொண்டது, ஃபேன் காற்று பட்டால் துடித்தார், நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். நடுவில் தெளிவு வரும். தெளிவு வந்தபோது, சம்பளப் பாக்கி யாரிடம் வாங்க வேண்டும் என்று மனைவியிடம் வரிசையாகச் சொன்னார், அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே போனால் தொற்றிக்கொள்ளும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். நான்தான் முகமூடி, கையுறை கொடுத்து உள்ளே உட்காரவைத்தேன். அதற்கும் என்னைத் திட்டினார்கள், போகட்டும்.

டார்மாக் தம்பி

விமான நிலையத்தில் தரைப்பணி பார்க்கிறேன். படத்தில் கதவு பூட்டியிருப்பதை நக்கலடிப்பவர்கள் உண்டு, ஆனால் அது சாத்தியம்தான். எதிர்பாராமல் வருகிற விமானத்துக்கு ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவையும் டெர்மினலையும் இணைக்கும் நடைபாதை) ஓட்ட ஆள் அங்கே காத்துக்கொண்டிருக்க மாட்டார், டெர்மினல் கதவு அட்டை வைத்திருப்பவருக்குத்தான் திறக்கும்.

கூடலூரான் அண்ணன் சொன்ன ஏசி நின்ற விஷயத்துக்கு வருகிறேன், பயப்பட வேண்டியது அதற்குத்தான். விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கிற காற்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாறிவிடும். மேலிருந்து இறங்கிக் காலடி வழியாக வெளியேறும், திரும்ப உள்ளே வருகிற பாதியும் கிருமியைப் பிடிக்கிற ஹெபா வடிகட்டி வழியாகத்தான் வரும். தரையில் இன்ஜினை அணைத்து, வால்பக்கத்து ஏபியுவும் (தரையில் நிற்கும்போது மின்சாரமும் காற்றும் கொடுக்கிற சின்ன இன்ஜின்) ஓடாமல், வெளியிலிருந்தும் காற்று கொடுக்கவில்லை என்றால் அது மூடிய டப்பா. 1977இல் அலாஸ்காவில் நடந்தது எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். 54 பேர் இருந்த விமானம், கிளம்பும்போது இன்ஜின் கோளாறு, மூன்று மணி நேரம் தரையில் நின்றது, பெரும்பாலானவர்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள், காற்றோட்டம் ஓடவில்லை. ஒருவருக்குத்தான் ஃபுளூ. மூன்று நாளுக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள்.

அதற்காக, பறக்கும்போது ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. 2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன விமானத்தில் 72 வயதுக்காரர் ஒருவருக்கு சார்ஸ் என்கிற நுரையீரல் தொற்று. அவருக்கு ஏழு வரிசை முன்னால் இருந்தவர்களுக்குக்கூட வந்தது, 120 பேரில் 22 பேர். ஆகவே அண்ணா, உங்கள் விமானத்தில் வரிசையைக் காலி செய்துவிட்டு வழியில் கும்பலாக நின்றவர்களை விட, உட்கார்ந்த இடத்திலேயே ஈரத்துணி போட்ட அந்த அம்மா ஒன்றும் அதிக ஆபத்தில் இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. விமானத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தால், ‘படி வைக்காதே, காத்திரு’ என்று மட்டும் எங்களுக்குச் சொல்வார்கள். ஜன்னலில் முகங்கள் தெரியும். கையசைப்பார்கள், சில பேர் கும்பிடுவார்கள். கீழே நிற்கிற எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கும் ஒன்றும் தெரியாது, சத்தியமாக.

பழைய டிவிடி

டார்மாக் தம்பி, அந்தக் கடைசிப் பத்தியை வைத்தே மூன்றாம் பாகம் எடுக்கலாம், கீழே நிற்பவன் பார்வையில். கேமராவையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

கூடலூரான்

ஏபியு விஷயம் இப்போதுதான் புரிந்தது, நன்றி தம்பி. அக்கா, எங்கள் வீட்டுப் பக்கம் நாய்க்குட்டி கீறினதை மறைத்து வைத்திருந்த பையன் ஒருவனை உங்கள் பதிவைக் காட்டி இன்று காலை ஊசிக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்தது மூன்றாம் நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உப்புக்காற்று அண்ணன் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று சொல்லவே இல்லையே?

உப்புக்காற்று

மும்பையில் இறக்கினார்கள். அங்கே ஒரு ஹோட்டல் அறையில் மறுபடி அடைத்தார்கள், கதவுக்கு வெளியே யாரோ சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மணியடித்துவிட்டு ஓடினார். பருப்பில் உப்பே இல்லை.