பழைய புத்தகத்தை மதிப்பிட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

நான் தொடங்கி வைக்கிறேன். தெரிந்த ஒருவர், தாத்தா சேர்த்து வைத்த புத்தகங்களை விற்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டார். தோல் பைண்டிங்கும் தங்க எழுத்துமாக இருந்த பெரிய தொகுதிகளை மட்டும் தனியே எடுத்து மேசைமேல் அடுக்கியிருந்தார். ஒன்றைக் கையில் எடுத்ததுமே உள்ளங்கை முழுக்கச் செம்பழுப்புத் தூள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதனிட்ட தோலுக்கு அடிக்கடி வரும் சிதைவு அது. மேலும் உதிராமல் தடுக்கலாம், போன தோல் திரும்பாது. அதுகூடப் பரவாயில்லை, வரிசையில் நான்காம் தொகுதியையே காணோம்!

அப்புறம் ஒரு பயண நூல். முன்பக்கப் பட்டியலில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன், மடித்து வைத்த வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் தையலை ஒட்டி ஒரு மெல்லிய காகித விளிம்பு மட்டும் நின்றது, பிளேடு வைத்து அறுத்திருக்கிறார்கள். வரைபடத்தைப் படச்சட்டத்தில் மாட்டி விற்பதற்காக இப்படிப் புத்தகத்தைச் சிதைப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, பக்கமும் படமும் முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசவே கூடாது.

எடைக்குப் போட ஒதுக்கிய குவியலில்தான் நல்ல புத்தகம் இருந்தது. மெல்லிய கவிதைத் தொகுப்பு, காகித அட்டை, முதல் பதிப்பு, ஒரு பக்கம்கூடக் குறையவில்லை, உள்ளே ஆசிரியர் தன் நண்பருக்கு எழுதிக் கொடுத்த இரண்டு வரி. அதை முதலில் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

*

மேலுறை பற்றி நான் சொல்கிறேன். 20-ஆம் நூற்றாண்டு முதல் பதிப்புகளில், குறிப்பாக நாவல்களில், மதிப்பின் பெரும்பகுதி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் அந்தக் காகித உறையில்தான் இருக்கிறது, உறை போய்விட்டால் விலை பல மடங்கு இறங்கிவிடும். அதனால்தான் நகல் உறை மாட்டி விற்கிறார்கள். 1930-களின் புத்தகம் என்று ஒருவர் காட்டியபோது உறை மட்டும் சந்தேகத்துக்கு இடமாகப் புதிதாகத் தெரிந்தது, புற ஊதா விளக்கைக் காட்டினோம், நீலமாக ஒளிர்ந்தது. காகிதத்தில் அப்படி ஒளிரும் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் 1950-ஐ ஒட்டித்தான் பரவியது. 30-களின் காகிதம் அப்படி ஒளிராது. நகல் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, அவர் சொல்லவில்லை.

இன்னொன்று, கிழிசலில் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிசல் அப்படியே இருந்தால்கூடக் கைதேர்ந்தவர் சரிசெய்துவிடுவார், டேப் கறையை எடுப்பது பெரும்பாடு.

*

காகிதத்தின் நிறத்தை வைத்து வயது சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 1700-களில் கந்தல் துணிக்கூழில் செய்த காகிதம் இன்றும் வெளுப்பாக, வளைத்தால் வளைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் வந்தது, கூடவே அமிலமும். 1920-களின் மலிவுப் பதிப்பு பழுப்பேறி, மூலையை மடித்தாலே ஒடிகிறது. ஆகவே பழுப்பு என்றால் ரொம்பப் பழசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிப்பு விவரப் பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். 1935 என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு பிரதியை முதல் பதிப்பு என்று சாதித்தார் ஒருவர், பக்கத்தின் அடியில் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் இருந்தது. அந்த எண் முறையே 1970-ல்தான் சர்வதேசத் தரமாக வந்தது, அப்படியென்றால் அது மறுபதிப்பு.

விலைக்கு இணையத்தில் போட்டிருக்கும் தொகையை நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், வருடக்கணக்காக விற்காமல் கிடக்கிற பிரதிகள்தான் தேடியதும் கண்ணில் படும். ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைத் தேடி, அந்தப் பிரதியின் நிலையையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த பிரதிக்கும் துளைக்காத பிரதிக்கும் ஒரே விலை கிடைக்காது. பூஞ்சை வாடை அடித்தால் மற்ற புத்தகங்களோடு சேர்த்து அடுக்காமல் முதலில் தனியாக வையுங்கள், விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.