வீட்டுப் பத்திரத்தில் 'வெள்ளையர் மட்டும்' என்று இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
அமெரிக்காவில் சியாட்டிலின் வடக்குப் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினோம், 1940களில் கட்டியது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அந்தக் கட்டுக் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? போன வாரம் விடாத மழை, சும்மா உட்கார்ந்து புரட்டினேன். வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், கோழி வளர்க்கக் கூடாது, இதற்கெல்லாம் நடுவில் ஒரு பத்தி: வெள்ளையர் தவிர வேறு எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் தங்கலாம். அதாவது நான் இங்கே பாத்திரம் கழுவலாம் (இப்போதும் நான்தான் கழுவுகிறேன், அது வேறு கதை), ஆனால் சொந்தம் கொண்டாட முடியாது. என் வீட்டுக்காரர் "செல்லாத காகிதம், விடு" என்கிறார். ஹைஸ்கூல் படிக்கும் மகள் அந்தப் பத்தியை அடித்தே ஆக வேண்டும் என்று நிற்கிறாள். அடிக்க முடியுமா? அடிக்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
சட்டப்படி உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. இப்படிப்பட்ட நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று 1948இலேயே ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1968இல், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டம் வந்து மிச்சத்தையும் முடித்தது. செத்துப்போன ஒரு வரியைத் தோண்டியெடுத்துப் பிள்ளைகளுக்குக் கோபத்தை ஏற்றுவானேன்? நாம் உழைத்தோம், வாங்கினோம், நம்மை யாரும் தடுக்கவில்லையே.

பதில் 2:
"நம்மை யாரும் தடுக்கவில்லை" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று இதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில், அதுவும் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில். கதவு திறந்த பிறகு வந்துவிட்டுப் பூட்டே இல்லை என்று சொன்னால் எப்படி?

1948இலிருந்து 1968 வரை என்ன நடந்தது என்று பாருங்கள். நீதிமன்றம் அமல்படுத்தாது, சரி, ஆனால் விற்பவர் "உனக்குத் தர மாட்டேன்" என்றால் கேட்க ஆளில்லை. அதைத் தடுக்கும் சட்டத்தை 1964இல் சியாட்டிலில் பொது வாக்கெடுப்புக்கு விட்டார்கள், கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், 11ஆம் தேதி ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது, அதே மாதம் சியாட்டில் நகர சபையும் தன் பங்குக்கு ஒன்றை நிறைவேற்றியது. அதுவரை கறுப்பர்கள் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரு பகுதியை விட்டு வெளியே வீடு வாங்குவது குதிரைக்கொம்பு, அங்கேயும் வங்கிக்காரன் லேசில் கடன் தர மாட்டான். இந்த ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொத்து என்றால் வீடுதான். தாத்தா வாங்கிய வீட்டின் விலை ஏறி, அதை வைத்து அப்பா படித்து, பேரனுக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். தாத்தாவுக்கே வீடு தராத குடும்பத்தில் பேரன் எதை வைத்து ஆரம்பிப்பான்?

பதில் 3:
அக்கா, நேரடி பதில்: முடியும். பத்திரம் பதியும் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில், இந்த நிபந்தனை செல்லாது என்று ஒரு திருத்தப் பத்திரம் பதியலாம். பழைய தாள் அழியாது, பக்கத்தில் புதுத் தாள் சேரும். நான் எங்கள் வீட்டுக்குச் செய்தேன், பெரிய வேலை இல்லை.

இன்னொன்று, 2024 தொடக்கத்திலிருந்து வாங்கியிருந்தால் பதிவுச் செலவில் ஒரு 100 டாலர் தனியாக இருக்கும், தேடிப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலம் 2023இல் போட்ட சட்டம், இதே நிபந்தனைகளால் ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் முதல் வீடு வாங்க அந்தப் பணம் போகிறது. பட்டியலில் இந்தியர்களும் உண்டு! ஆனால் 1968 ஏப்ரலுக்கு முன் நீங்களோ பெற்றோர், தாத்தா பாட்டி போன்ற முன்னோரோ இந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும், எச்1பி வேலை விசாவில் வந்த கூட்டம் ஆசைப்பட வேண்டாம்.

பதில் 4:
2023 பிப்ரவரியில் இதே சியாட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது "ஊர்க் கதையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் குதித்தார்கள். இந்தப் பத்திரத்தின் படத்தைப் போட்டால் அவர்களே கொதிப்பார்கள். ரூம்மேட் தேடும் விளம்பரத்தில் நம்மவர்கள் என்னென்ன எழுதுகிறார்கள் என்று யாராவது ஒருநாள் பேசுவோமா?

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் காட்டினேன். பழையதை அடிக்க வேண்டாமாம், புதுத் தாளில் தன் பெயரும் வர வேண்டுமாம், பதினாறு வயசுக்கு அதெல்லாம் முடியாது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார், அந்த 100 டாலர் இருக்கிறதா என்று.